சென்னை – சிங்கப்பூர் விமானப் பயணம்: தூரமும் நேரமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்குப் பயணம் செய்பவர்களும், அவர்களை வழியனுப்புபவர்களும், மறுமுனையில் காத்திருந்து அழைத்துச் செல்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. தூரத்தைப் பற்றிய கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்லிவிடலாம். நேரத்துக்கு அப்படிச் சொல்ல இயலாது. வானில் பறக்கும் நேரம் ஒன்று, அட்டவணையில் அச்சிடப்படும் நேரம் ஒன்று, இரு ஊர்க் கடிகாரங்களும் காட்டும் நேரம் ஒன்று, வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை ஆகும் நேரம் ஒன்று என நான்கும் தனித்தனியானவை. ஒன்றைக் கேட்டு மற்றொன்றை விடையாகப் பெறுவதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் எழுகின்றன.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே விமான வழித் தூரம் எவ்வளவு?

இரு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர். மைல் கணக்கில் இது சுமார் 1,815 மைல். விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல் கணக்கில் சுமார் 1,577 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். இணையத்தில் தேடினால் இந்த எண் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கூடியோ குறைந்தோ காணப்படலாம். சில தளங்கள் நகரின் மையத்திலிருந்து அளக்கின்றன, சில தளங்கள் விமான நிலையத்திலிருந்து அளக்கின்றன; பூமியை முழு உருண்டையாகக் கொள்வதா, துருவங்களில் சற்றே தட்டையானதாகக் கொள்வதா என்பதிலும் கணக்கு மாறும். பயணிக்கு இந்த வேறுபாட்டால் எந்தப் பாதிப்பும் இல்லை.

உண்மையில் விமானம் பறக்கும் தூரம் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஓடுபாதை எந்தத் திசையை நோக்கியிருக்கிறதோ அந்தத் திசையில்தான் விமானம் மேலெழ முடியும். அதன் பிறகு வளைந்து தன் வழித்தடத்தை அடைய வேண்டும். இறங்கும்போதும் சாங்கியின் ஓடுபாதைகள் ஏறத்தாழ வடக்கு – தெற்காக அமைந்திருப்பதால், வடமேற்கிலிருந்து வரும் விமானம் நேராக வந்து இறங்கிவிடாமல் சுற்றி வந்து ஓடுபாதையின் நேர்கோட்டில் சேர வேண்டியிருக்கிறது.

விமானம் எந்த வழியாகச் செல்கிறது?

சென்னையிலிருந்து தென்கிழக்காக, இன்னும் சரியாகச் சொன்னால் கிழக்கை ஒட்டிய தென்கிழக்காக, வங்கக் கடலைக் கடந்து செல்கிறது. இரு நிலையங்களையும் இணைக்கும் கோட்டை வரைந்து பார்த்தால், அது பெரிய நிக்கோபார் தீவின் தென்முனையான இந்திரா முனைக்கும் சுமாத்ராவின் வடமுனையான அச்சேவுக்கும் இடைப்பட்ட கடலின் மீது செல்வதைக் காணலாம். அதன் பிறகு கோடு மலாக்கா நீரிணையின் போக்கிலேயே சென்று, மலாக்கா நகருக்கு அருகில் கடந்து, சிங்கப்பூரை அடைகிறது. நடைமுறையில் விமானங்கள் இக்கோட்டை அப்படியே பின்பற்றுவதில்லை. வகுக்கப்பட்ட வான்வழித் தடங்களில் சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர் கட்டுப்பாட்டு நிலையங்களின் பொறுப்பில் ஒன்றன்பின் ஒன்றாக ஒப்படைக்கப்பட்டுச் செல்கின்றன. ஆயினும் மொத்தப் போக்கு இதுதான்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த வழி புதியதன்று. 1025-இல் சுமாத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் மீது கடற்படை செலுத்திய முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, வென்ற இடங்களாக மாநக்கவாரத்தையும் இலாமுரி தேசத்தையும் கடாரத்தையும் குறிப்பிடுகிறது. மாநக்கவாரம் நிக்கோபார் தீவுகள். இலாமுரி சுமாத்ராவின் வடமுனைப் பகுதி. சன்னலோர இருக்கையில் பகல் நேரத்தில் பயணம் செய்பவர், மேகம் இல்லாவிட்டால், புறப்பட்டு இரண்டு மணி நேரம் கடந்த பிறகு கீழே தெரியும் கரையைத் தேடிப் பார்க்கலாம்.

வரைபடத்தில் மற்ற விமானப் பாதைகள் வில்லைப் போல வளைந்திருக்கின்றன. இந்தப் பாதை ஏன் ஏறக்குறைய நேராக இருக்கிறது?

உருண்டையான பூமியில் இரு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழி, பூமியைச் சரிபாதியாகப் பிரிக்கும் பெருவட்டத்தின் ஒரு பகுதியாகும். அதைத் தட்டையான வரைபடத்தில் வரையும்போது, பூமத்திய ரேகையிலிருந்து விலகிச் செல்லச் செல்ல வளைவு பெரிதாகத் தோன்றும். சென்னை ஏறத்தாழ 13 பாகை வடக்கிலும், சிங்கப்பூர் ஏறத்தாழ 1.4 பாகை வடக்கிலும் இருப்பதால், இரண்டும் பூமத்திய ரேகைக்கு நெருக்கமான பகுதியிலேயே அடங்கிவிடுகின்றன. எனவே அளவுகோலை வைத்து வரைந்த கோட்டுக்கும் உண்மையான குறுகிய வழிக்கும் இடையே கண்ணுக்குப் புலப்படும் வேறுபாடு இல்லை.

திருச்சி சென்னைக்குத் தெற்கே இருக்கிறது. அங்கிருந்து சிங்கப்பூர் இன்னும் அருகில் இருக்க வேண்டாமா?

அப்படித் தோன்றுவது இயல்பு, ஆனால் கணக்கு வேறு விதமாக அமைகிறது. திருச்சியிலிருந்து சாங்கிக்குச் சுமார் 2,980 கிலோமீட்டர். மதுரையிலிருந்து சுமார் 3,015 கிலோமீட்டர். கோயம்புத்தூரிலிருந்து சுமார் 3,165 கிலோமீட்டர். சிங்கப்பூர் நமக்குத் தெற்கே இருக்கிறது என்பதைவிட, கிழக்கே இருக்கிறது என்பதே பெரிய உண்மை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அட்சரேகையில் ஏறத்தாழ பதினொன்றரை பாகை வேறுபாடுதான். தீர்க்கரேகையிலோ ஏறத்தாழ இருபத்து நான்கு பாகை. ஆகவே தெற்கே இறங்குவதால் கிடைக்கும் இலாபத்தை, மேற்கே தள்ளியிருப்பதால் ஏற்படும் இழப்பு விழுங்கிவிடுகிறது. நான்கு நிலையங்களில் மிகக் கிழக்கே இருப்பது சென்னை என்பதால், தூரத்திலும் அதுவே மிகக் குறைவு.

இந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டு எந்த ஊரிலிருந்து புறப்படுவது என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. அறுபது கிலோமீட்டர் என்பது வானில் நான்கைந்து நிமிடம். தஞ்சாவூரிலோ புதுக்கோட்டையிலோ இருப்பவர் திருச்சி விமானத்தை விட்டுவிட்டுச் சென்னைக்கு வருவதற்கு ஆறேழு மணி நேரத்தைச் சாலையிலோ இரயிலிலோ செலவிடுவது, கட்டணத்தில் பெரிய வேறுபாடு இருந்தாலொழிய, பொருளற்றது.

வானில் எவ்வளவு நேரம் பறக்க வேண்டும்?

சக்கரங்கள் சென்னை ஓடுபாதையை விட்டு எழுவதிலிருந்து சாங்கி ஓடுபாதையைத் தொடுவது வரை பெரும்பாலும் 3 மணி 40 நிமிடத்தையொட்டி ஆகிறது. சில நாட்களில் பத்து நிமிடம் குறையும், சில நாட்களில் கால் மணி நேரம் கூடும். முழு உயரத்தை எட்டிய பிறகு இவ்வழியில் செல்லும் ஜெட் விமானங்கள் மணிக்கு 830 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. 2,920-ஐ அந்த வேகத்தால் வகுத்தால் மூன்றே கால் முதல் மூன்றரை மணி நேரம் வருகிறது. மீதியுள்ள நிமிடங்கள், வேகம் குறைவாக இருக்கும் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும், நேர்கோட்டிலிருந்து விலகும் தடங்களுக்கும் உரியவை.

ஏர்பஸ் ஏ320 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்களைவிட, ஏ350 போன்ற அகன்ற உடல் விமானங்கள் சற்று வேகமாகப் பறக்கக்கூடியவை. இத்தனை குறைந்த தூரத்தில் அதனால் மிச்சமாவது பத்துப் பதினைந்து நிமிடமே. அகன்ற விமானத்தில் கால் நீட்ட இடம் கிடைக்கிறதா என்பது பயணிக்கு இதைவிட முக்கியமான கேள்வி என்றே தோன்றுகிறது.

அப்படியானால் பயணச்சீட்டில் 4 மணி 20 நிமிடம் என்று போடுவது ஏன்?

பயணச்சீட்டில் உள்ள புறப்பாட்டு நேரம் விமானம் வானில் எழும் நேரமன்று; நிறுத்துமிடத்திலிருந்து அது பின்னோக்கித் தள்ளப்படும் நேரம். அதேபோல் வருகை நேரம் என்பது சாங்கியில் முனையத்தை ஒட்டி வந்து நிற்கும் நேரம். இடையில், சென்னையில் ஓடுபாதையின் தொடக்கத்தை அடைந்து, முன்னால் உள்ள விமானங்கள் எழும் வரை காத்திருக்க வேண்டும். சாங்கியில் இறங்கிய பிறகு, பரந்த அந்த நிலையத்துக்குள் நீண்ட தூரம் உருண்டு செல்ல வேண்டும். இவ்விரண்டுக்கும் சேர்த்து அரை மணி நேரம் எளிதில் போய்விடுகிறது. இவை போக, தாமதங்களை ஈடுகட்டுவதற்கென்று விமான நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூடுதலாகச் சேர்த்தே அட்டவணையை வகுக்கின்றன. இதனால்தான் கால் மணி நேரம் தாமதமாகப் புறப்பட்ட விமானமும் குறித்த நேரத்துக்கே வந்து சேர்ந்துவிட்டதாக அறிவிக்கப்படுகிறது.

நேரடி விமானங்களின் அட்டவணை நேரம், நிறுவனத்தையும் பருவத்தையும் பொறுத்து, பொதுவாக 4 மணி நேரத்துக்கும் 4 மணி 35 நிமிடத்துக்கும் இடையில் அமைகிறது.

போகும்போது ஆகும் நேரமும் திரும்பும்போது ஆகும் நேரமும் ஏன் வேறுபடுகின்றன?

பெரும்பாலான அட்டவணைகளில், சென்னைக்குத் திரும்பும் பயணம் பத்து முதல் இருபது நிமிடம் குறைவாகக் காணப்படும். இதற்கு மேல்காற்று ஒரு காரணம். பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளில் உயரத்தில் வீசும் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கியது. குறிப்பாகத் தென்மேற்குப் பருவமழைக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கும் வங்கக் கடலுக்கும் மேலே, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் உயரத்தை மையமாகக் கொண்டு வெப்பமண்டலக் கீழைக்காற்றோட்டம் வலுவாக வீசுகிறது. இதை 1950-களில் ஆராய்ந்து விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். விமானங்கள் பறக்கும் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்திலும் அதன் தாக்கம் உணரப்படுகிறது. சிங்கப்பூருக்குப் போகும்போது அது எதிர்க்காற்று; திரும்பும்போது பின்காற்று.

ஆனால் இலண்டன் – நியூயார்க் வழியோடு ஒப்பிட்டால் இது சிறிய வேறுபாடே. அங்கே மேற்கிலிருந்து வீசும் வலுவான காற்றோட்டத்தால் ஒரு திசைக்கும் மறு திசைக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு ஏற்படுகிறது. அந்த வகைக் காற்றோட்டம் குளிர்காலத்தில்கூட வட இந்தியாவின் மீதுதான் வீசுகிறதே தவிர, நம் வழிவரை இறங்கி வருவதில்லை.

இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் விமானங்கள் பறந்தாலும் அவை ஒரே உயரத்தில் பறப்பதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். கிழக்கு நோக்கிச் செல்பவை 35,000, 37,000 அடி போன்ற ஒற்றைப்படை ஆயிரங்களிலும், மேற்கு நோக்கி வருபவை 36,000, 38,000 அடி போன்ற இரட்டைப்படை ஆயிரங்களிலும் பறக்கின்றன. இருக்கைக்கு முன்னுள்ள திரையில் இதை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இரு ஊர்களுக்கும் கடிகார நேரத்தில் எவ்வளவு வேறுபாடு?

சிங்கப்பூர் இந்தியாவைவிட 2 மணி 30 நிமிடம் முன்னே இருக்கிறது. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடமும், சிங்கப்பூர் நேரம் 8 மணி நேரமும் முன்னே உள்ளன. கோடைகாலத்தில் கடிகாரத்தை மாற்றி வைக்கும் வழக்கம் இரு நாடுகளிலும் இல்லாததால், ஆண்டு முழுவதும் இந்த வேறுபாடு மாறுவதில்லை.

ஒரு எடுத்துக்காட்டு. சென்னையிலிருந்து இரவு 11.30-க்குப் புறப்படும் விமானம் 4 மணி 20 நிமிடம் எடுத்துக்கொண்டால், இந்திய நேரப்படி அதிகாலை 3.50-க்குச் சாங்கியில் நிற்கும். அப்போது சிங்கப்பூரில் காலை 6.20. பயணச்சீட்டில் 11.30 – 6.20 என்று பார்ப்பவர், ஏறக்குறைய ஏழு மணி நேரப் பயணம் என்று எண்ணி, விமானத்தில் நன்றாகத் தூங்கிக்கொள்ளலாம் என்று திட்டமிடுவார். உணவு பரிமாறி விளக்கை அணைக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். இறங்குவதற்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்பே விளக்குகள் எரியத் தொடங்கும். தூங்கக் கிடைப்பது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. அன்று காலையிலேயே முக்கியமான சந்திப்பு ஒன்றை வைத்துக்கொள்வது நல்லதன்று.

திரும்பும்போது இதற்கு நேர்மாறு. சிங்கப்பூரில் இரவு 8 மணிக்குப் புறப்பட்டு 4 மணி 10 நிமிடம் பறந்தால், அங்கே நள்ளிரவு 12.10 ஆகும்போது சென்னையில் இரவு 9.40. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் 1 மணி 40 நிமிடத்தில் வந்துவிட்டது போல் இருக்கும்.

காலை ஆறரை மணிக்கும் சிங்கப்பூரில் இருட்டாக இருக்கிறதே, ஏன்?

சூரியனின் கணக்குப்படி இரு ஊர்களுக்கும் இடையே இரண்டரை மணி நேர வேறுபாடு இருக்கக் கூடாது. ஒரு பாகை தீர்க்கரேகைக்கு நான்கு நிமிடம் என்று கொண்டால், ஏறத்தாழ 23.8 பாகைக்கு 1 மணி 35 நிமிடமே வருகிறது. மீதமுள்ள ஏறக்குறைய 55 நிமிடம் மனிதர்கள் செய்த ஏற்பாடு.

இந்தியா முழுவதற்கும் மிர்சாப்பூருக்கு அருகே செல்லும் 82.5 பாகைத் தீர்க்கரேகையே நேரத்துக்கு அடிப்படை. சென்னை அதற்குச் சற்று மேற்கே இருப்பதால், நம் கடிகாரம் சூரியனைவிட ஒன்பது நிமிடம் முந்தியிருக்கிறது. சிங்கப்பூர் 104 பாகைக் கிழக்கில் இருப்பதால், அதன் இயல்பான நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஏழு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவாகவே முன்னே இருக்க வேண்டும். 1981-ஆம் ஆண்டின் இறுதி வரை அங்கே ஏழரை மணி நேரம் என்பதே நடைமுறையில் இருந்தது. மலேசியா தன் தீபகற்பப் பகுதியையும் சபா, சரவாக் மாநிலங்களையும் ஒரே நேரத்துக்குள் கொண்டுவர முடிவு செய்து கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியபோது, சிங்கப்பூரும் 1982 ஜனவரி 1 முதல் அதைப் பின்பற்றியது. அதற்கு முன் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டு மணி நேரம்தான் வேறுபாடு. இப்போது அங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியையொட்டித்தான் உதிக்கிறது. 6.20-க்கு இறங்கும் விமானத்திலிருந்து வெளியே பார்ப்பவருக்கு நகரத்தின் விளக்குகள் தெரிவதற்குக் காரணம் இதுவே.

பயணத் தேதியில் ஏமாறாமல் இருப்பது எப்படி?

சென்னையிலிருந்து சிங்கப்பூர் செல்லும் பல விமானங்கள் நள்ளிரவையொட்டிப் புறப்படுகின்றன என்பதால் இது முக்கியமான கேள்வி. பயணச்சீட்டில் 12-ஆம் தேதி 00.40 என்று இருந்தால், 11-ஆம் தேதி இரவு உணவை முடித்துக்கொண்டு விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். 12-ஆம் தேதி இரவு வந்து நிற்பவர், விமானம் போய் ஏறக்குறைய ஒரு நாள் கழித்து வந்திருக்கிறார். அதேபோல், 11-ஆம் தேதி இரவு 11.30-க்குப் புறப்படும் விமானம் 12-ஆம் தேதி காலை சேர்கிறது. சிங்கப்பூரில் விடுதி அறையை 11-ஆம் தேதிக்கு எடுத்தால் ஒரு இரவு வாடகை வீண். சிங்கப்பூருக்கு வருபவர்கள் நிரப்ப வேண்டிய இணையவழி வருகை அட்டையிலும் சேரும் தேதியைத்தான் குறிக்க வேண்டும். வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அதை இலவசமாக நிரப்பலாம்; அதற்குப் பணம் கேட்கும் தளங்களைத் தவிர்க்கவும். இது விசா அன்று. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசாவைத் தனியாக, முன்கூட்டியே பெற வேண்டும்.

இணைப்பு விமானத்தில் சென்றால் எவ்வளவு கூடுதல் தூரம், எவ்வளவு கூடுதல் நேரம்?

தூரமும் நேரமும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல என்பதை இந்தக் கேள்வி நன்றாகக் காட்டுகிறது. சென்னையிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையத்துக்குச் சுமார் 2,630 கிலோமீட்டர். அங்கிருந்து சாங்கிக்குச் சுமார் 300 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 2,930 கிலோமீட்டர், அதாவது நேரடி வழியின் தூரமேதான். கோலாலம்பூர் விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே சிப்பாங்கில், கிட்டத்தட்ட சென்னை – சிங்கப்பூர் கோட்டின் மீதே அமைந்திருப்பதால் இப்படி அமைகிறது. கொழும்பு வழியாகச் சென்றால் சுமார் 650, சுமார் 2,750 என மொத்தம் 3,400 கிலோமீட்டரை நெருங்குகிறது.

நேரத்தைப் பார்த்தால் கதை வேறு. கோலாலம்பூர் வழியில் ஒரு கிலோமீட்டர்கூட வீணாகாவிட்டாலும், கீழே இறங்கி, காத்திருந்து, மீண்டும் ஏறி, ஒரு மணி நேர அட்டவணை கொண்ட குட்டிப் பயணத்தைச் செய்ய வேண்டும். காத்திருப்பு இரண்டு மணி நேரம் என்றால்கூட மொத்தம் ஏழு மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. தனித்தனிச் சீட்டாக வாங்கியிருந்தால், பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்காக மலேசியாவுக்குள் நுழைந்து வெளியேறவும் நேரலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானத்தின் கட்டணம் உங்கள் பொறுப்பு. கட்டணத்தில் கணிசமான குறைவு இருந்தால், அல்லது வழியில் ஒரு நாள் தங்கிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் மட்டுமே இந்த ஏற்பாட்டில் பயன் உண்டு.

எந்த மாதங்களில் தாமதம் அதிகம்?

ஒவ்வொரு முனைக்கும் ஒரு பருவம் உண்டு. சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயல்களும் காரணம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓடுபாதைப் பகுதியில் நீர் சூழ்ந்து விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் விமானச் சேவை நிறுத்தப்பட்டது. ஜனவரி நடுவில் போகிப் பண்டிகை அன்று அதிகாலையில், பழையன எரிக்கும் புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதையை மறைப்பதால் விமானங்கள் தாமதமாகின்றன. சில ஆண்டுகளில் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டும் இருக்கின்றன. போகியன்று காலைப் பயணத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பது நல்லது.

சிங்கப்பூரில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை 'சுமாத்ரா' என்றே அழைக்கப்படும் சூறைக்காற்று மழை வரிசைகள் உருவாகின்றன. இவை சுமாத்ரா பக்கமிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலைப் பொழுதிலும் சிங்கப்பூரைத் தாக்குகின்றன. சென்னையின் இரவு விமானங்கள் சாங்கியை அடையும் நேரமும் அதுவே. ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் மழை ஓய்ந்துவிடும் என்பதால், விமானம் வானிலேயே வட்டமிட்டுக் காத்திருப்பது வழக்கம். எரிபொருள் அனுமதிக்காதபோது ஜொகூருக்கோ கோலாலம்பூருக்கோ திருப்பிவிடப்படும். இந்தக் காலத்தில் காலை விமானத்தில் வந்து, அங்கிருந்து வேறு நாட்டுக்கு இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் இடைவெளியைத் தாராளமாக விட்டுக்கொள்ள வேண்டும்.

கப்பலிலோ சாலை வழியாகவோ செல்ல முடியுமா?

ஒரு காலத்தில் கப்பலே வழக்கமான வழி. 'ரஜூலா', அதன் பிறகு 'எம்.வி. சிதம்பரம்' ஆகிய பயணிகள் கப்பல்கள் சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குச் சென்றன. ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். 1985-இல் சிதம்பரம் கப்பலில் ஏற்பட்ட தீ விபத்தில் பயணிகள் உயிரிழந்தனர். அதன் பிறகு அந்தச் சேவை நின்றுபோயிற்று. சாலை வழி வங்கக் கடலைச் சுற்றி மணிப்பூர், மியான்மர், தாய்லாந்து, மலேசியா வழியாகச் செல்ல வேண்டியது. விமான வழித் தூரத்தைப் போல இரு மடங்குக்கும் மேல். மியான்மரில் 2021 முதல் நிலவும் போரினால் இப்போது அது நடைமுறைக்கு உரிய வழியன்று.

வீட்டிலிருந்து கிளம்பி அங்கே சேர மொத்தம் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம். பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு முன் வரச் சொல்வது வழக்கம். அதன் பிறகு பயணம். சாங்கியில் குடிநுழைவும் பெட்டியும் முடிய முக்கால் முதல் ஒரு மணி நேரம். அங்கிருந்து நகருக்குள் இன்னொரு முக்கால் மணி நேரம். இதில் உண்மையாகப் பறப்பது நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. செக்-இன் முகப்புகள் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடப்பட்டுவிடும் என்பதால், மூன்று மணி நேரத்தை மிகையான எச்சரிக்கை என்று தள்ளிவிட வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் பல பன்னாட்டு விமானங்கள் அடுத்தடுத்துப் புறப்படும் நேரத்தில் குடியேற்றச் சோதனை வரிசை எதிர்பாராத நீளத்தை எட்டுகிறது.

சாங்கியில் அழைத்துச் செல்ல வருபவர் எத்தனை மணிக்கு வர வேண்டும்?

அட்டவணையில் உள்ள வருகை நேரத்துக்கு அரை மணி நேரம் கழித்து வந்தால் போதுமானது. கைப்பையோடு மட்டும் வருபவர் தானியங்கி வாயில் வழியாக இருபது நிமிடத்தில்கூட வெளியே வந்துவிடலாம்; பெட்டிகளோடும் முதியவர்களோடும் வருபவருக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். வருவதற்கு முன், விமான எண்ணை வைத்து எந்த முனையம் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கு முனையங்களில் நான்காவது சற்றுத் தள்ளி, பேருந்தில் செல்ல வேண்டிய தொலைவில் இருக்கிறது. தானே நகருக்குச் செல்ல விரும்புபவர் மெட்ரோ இரயிலைப் பிடிக்கலாம். இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு அடியில் உள்ள நிலையத்தில் ஏறி, தானா மேராவில் மாற வேண்டும். முதல் இரயில் காலை 5.30-ஐ ஒட்டித்தான் கிளம்புகிறது, ஞாயிறுகளில் இன்னும் தாமதமாக. ஆகவே 4 மணிக்கு இறங்குபவருக்கு டாக்சியோ உறவினரின் காரோதான் வழி.